வாலாஜாப்பேட்டை வீட்டுக்குத் தாத்தா காலத்துச் சாமான்களைக் கொடுக்கலாமா?

பாலாற்றுக்காரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா வாலாஜாப்பேட்டையில் பட்டு வியாபாரம் செய்தவர். அவர் கட்டிய வீட்டை அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே கடனுக்காக விற்றுவிட்டார்கள். அப்புறம் அது குடோன் ஆனது, டியூஷன் சென்டர் ஆனது, பல வருடம் பூட்டியே கிடந்தது. இப்போது ஒரு அறக்கட்டளை வாங்கிப் பழையபடி சீர்செய்கிறது. போய்ப் பார்த்தேன். சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுகிறார்கள். தூண்களில் பெயிண்டை உரித்த இடத்தில் தேக்கு தெரிகிறது. குறை சொல்ல முடியாத வேலை.

அந்தக் காலத்து வியாபாரக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று உள்ளே காட்டப்போகிறார்களாம். "இந்த வீட்டிலிருந்து போன சாமான் ஏதாவது உங்களிடம் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டார்கள். இருக்கிறது. பித்தளைப் பட்டை அடித்த கல்லாப்பெட்டி, நான்கு பேரேடு (வியாபாரக் கணக்கு நோட்டு), ஊஞ்சல் பலகையும் சங்கிலியும், ஆயாவின் கல்யாணப் பட்டு, ஒரு செம்பு அண்டா, கண்ணாடிச் சட்டம் போட்ட தஞ்சாவூர்ப் படம் ஒன்று, தந்தத்தில் செய்த தாயக்கட்டை ஒரு ஜோடி, அப்புறம் போட்டோக்கள்.

பெரியப்பா "வீட்டில் இருந்தது வீட்டுக்கே போகட்டும், கொடுத்துவிடு" என்கிறார். சித்தப்பாவுக்கு அறவே பிடிக்கவில்லை. "வாங்கினவன் வீட்டுக்கு நாம் ஏன் சீர்வரிசை தூக்கிக்கொண்டு போக வேண்டும்?" என்று கேட்கிறார். இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது. யாராவது இப்படிக் கொடுத்திருக்கிறீர்களா?

---

கோட்டைவாசல்

கொடுங்கள் அம்மா. ஆனால் வெறும் சாமானாகக் கொடுக்காதீர்கள்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. 1815ல் ஆங்கிலேயர் அவர் நாட்டைப் பிடித்து, அவரை இங்கே கொண்டுவந்து சிறை வைத்தார்கள். 1832ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்துமண்டபம் இருக்கிறது. யார் கையில் இருந்த பலகை என்று தெரிவதால்தான் நாம் நின்று பார்க்கிறோம். அந்த ஒரு வரி தொலைந்தால் அதுவும் ஒரு விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

ராஜாக்கள் விஷயத்தில் இதையெல்லாம் எழுதிவைக்க ஆள் இருந்தார்கள். வியாபாரிக்கு யார் இருந்தார்கள்? இராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் வாலாஜா ரோடுக்குத்தான் வந்து நின்றது. பத்து வருடம் கழித்து, 1866ல், வாலாஜாப்பேட்டை நகராட்சி ஆனது. தமிழ்நாட்டிலேயே பழைய நகராட்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்தத் தெருக்களில் வீட்டுக்குள் என்ன சாமான் இருந்தது, நூல் என்ன விலைக்கு வந்தது, யாருக்கு என்ன கூலி என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. உங்கள் பேரேட்டில் அது இருக்கும். ஊஞ்சலைவிட எனக்கு அதுதான் பெரிது. எந்த வருடத்துப் பேரேடு என்று பார்த்தீர்களா?

---

குடியாத்தத்துக்காரன்

நான் எதிர்ப்பக்கம். மன்னிக்கவும்.

எங்கள் தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவருடைய கைராட்டை, சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு நினைவு இல்லத்துக்குக் கொடுத்தோம். எந்த ஊர், எந்த இல்லம் என்று சொல்லப்போவதில்லை. திறப்பு விழாவில் எங்கள் அம்மாவுக்குச் சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். ரசீது மட்டும் கொடுக்கவில்லை. நிர்வாகம் மாறிய பிறகு போய்க் கேட்டால் ராட்டை இருக்கிறது, கடிதங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. "அப்படி எதுவும் வந்ததாகப் பதிவில் இல்லை சார்" என்று முடித்துவிட்டார்கள். எங்கள் கையிலும் காகிதம் இல்லை, என்ன பேச முடியும்?

சித்தப்பா சொல்வதைக் கேளுங்கள்.

---

கோட்டைவாசல்

தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் வீட்டில் வைத்திருந்தால் பத்திரம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எத்தனை வீட்டில் செம்பு அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் குடம் வாங்கியிருக்கிறார்கள்! பரணில் கிடந்த ஏட்டுக்கட்டைப் போகியில் போட்ட வீடுகளை எனக்கே தெரியும்.

---

சத்துவாச்சாரி வக்கீல்

உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டப்படி நாலு விஷயம் சொல்கிறேன்.

மேடம், உங்கள் பதிவில் பெரியப்பா வருகிறார், சித்தப்பா வருகிறார். அத்தைகள் இல்லையா? கொள்ளுத்தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் அந்தச் சாமான் யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் எல்லா வாரிசுக்கும் உரியது. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், நாளைக்கு இன்னொருவர் நோட்டீஸ் அனுப்பலாம். முதலில் எல்லாரிடமும் சம்மதக் கடிதம் வாங்குங்கள்.

தானம் என்பது சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882ன்படி நடக்கிற காரியம். அசையும் பொருளுக்குப் பத்திரம் கட்டாயமில்லை, பொருளை ஒப்படைத்தாலே தானம் முடிந்துவிடும். குடியாத்தம் சாருக்கு நடந்தது அதுதான். கொடுத்தாயிற்று, ஆனால் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. அதனால் இரண்டு சாட்சி வைத்துத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள், செலவு பெரிதாக வராது. இன்னொன்று, பிறகு மனசு மாறினால் "திருப்பிக் கொடு" என்று கேட்க முடியாது. இஷ்டத்துக்கு ரத்து செய்யலாம் என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டாலும் செல்லாது. உங்கள் விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்வோடு கட்டலாம். உதாரணமாக, "இந்த வீடு பொதுமக்கள் பார்வைக்கு மூடப்பட்டால் பொருள் குடும்பத்துக்குத் திரும்பும்" என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதலாம்.

தானமே வேண்டாம், இரவலாகக் கொடுக்கிறோம் என்றும் சொல்லலாம். உரிமை உங்களிடம், பொருள் அவர்களிடம். எத்தனை வருடம், காப்பீடு யார் கட்டுவது, சேதமானால் என்ன, திரும்பக் கொண்டுவரும் செலவு யாருடையது, எல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டும். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் எல்லா அறக்கட்டளையும் ஒத்துக்கொள்ளாது. இரவல் பொருளைப் பராமரிக்கிற பொறுப்பு அவர்களுக்குத் தலைவலி.

வரிச்சலுகை கிடைக்குமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கிடைக்காது. 80ஜி என்று சொல்கிற நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு பணமாகக் கொடுப்பதற்குத்தான், பொருளுக்கு இல்லை.

---

பாலாற்றுக்காரி

வக்கீல் சார், மூன்று அத்தைகள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்கவே இல்லை, நான் உள்பட. அமெரிக்காவில் இருக்கும் அத்தைக்கு நேற்று போன் செய்தேன். "எல்லாம் கொடுத்துவிடு, அந்த ஊஞ்சல் மட்டும் எனக்கு வேண்டும், கப்பலில் அனுப்பு" என்கிறார்.

கோட்டைவாசல் ஐயா, பேரேடு பழையதுதான். தமிழ் எண்ணில் எழுதியிருக்கிறது, வீசம், மாகாணி என்ற பழைய பின்னக் கணக்கெல்லாம் எனக்குப் படிக்க வரவில்லை. ஒன்றில் சோபகிருது வருடம் ஐப்பசி என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தில் வாணியம்பாடி வெள்ளத்தில் சரக்கு போனது என்று இரண்டு வரி.

---

கோட்டைவாசல்

1903! அந்த நவம்பரில் பாலாறு உடைத்துக்கொண்டு வந்து வாணியம்பாடியை அடித்துப்போட்டது. அரசாங்கக் குறிப்பில் வெள்ளம் பற்றி இருக்கும், இன்னாருடைய மூட்டை போனது என்று இருக்காது. அம்மா, தயவுசெய்து அந்தப் பக்கத்தை முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

---

சத்துவாச்சாரி வக்கீல்

ஊஞ்சலைக் கப்பலில் ஏற்றாதீர்கள்! தொல்பொருள் சட்டம், 1972ன்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகலாம். ஏடு, ஆவணம் மாதிரி இருந்தால் 75 வருடமே போதும். தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால்தான் சுங்கத்தில் பிரச்சினை வராது.

உள்ளூரில் வைத்துக்கொள்வதற்கும் கொடுப்பதற்கும் தடை இல்லை. வீட்டுப் பாத்திரம், பெட்டிக்கெல்லாம் பொதுவாகப் பதிவு கேட்பதில்லை. பழைய உலோக விக்கிரகம், ஓவியம் என்றால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த பொருள் கைமாறினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். உங்கள் தஞ்சாவூர்ப் படத்தின் வயது என்ன என்று பாருங்கள்.

---

பழுதுபார்ப்பவள்

பழம்பொருள் பாதுகாப்பு என் தொழில். இவ்வளவு பேர் பேசியும் ஒருவரும் தாயக்கட்டையைத் தொடவில்லையே?

அது தந்தம். நிஜமாகவே யானைத் தந்தம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. வனத்துறையின் உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே சிக்கல், விற்பது குற்றம். அரசு அருங்காட்சியகத்தில் தந்தம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது வேறு, வீட்டில் இருப்பது வேறு. அறக்கட்டளை ஆசைப்பட்டுக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதலில் மாவட்ட வன அலுவலரிடம் கேளுங்கள். புலித்தோல், மான்கொம்பு வைத்திருக்கிறவர்களுக்கும் இதேதான். எலும்பில் செய்த தாயக்கட்டையும் நிறைய உண்டு. தந்தமாக இருந்தால் அறுத்த முகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற மெல்லிய கோடுகள் தெரியும், எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள்.

மற்றவற்றில் ஒரே வேண்டுகோள்: கொடுப்பதற்கு முன் எதையும் சுத்தம் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தில் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருவார்கள். புளியின் அமிலம் ஒவ்வொரு முறையும் மேல் உலோகத்தைக் கொஞ்சம் தின்கிறது. பழைய பாத்திரத்தில் விளிம்பில் பெயர் வெட்டியிருப்பார்களே, யார் வீட்டுச் சீர், எந்த வருடம் என்று, அது மழுங்கிப்போகும். உள்ளே பூசிய ஈயத்தையும் புதிதாகப் பூசக் கூடாது. அடுப்புக்கரி இருந்தால் இருக்கட்டும். தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைத்தால் சுண்ணமும் தங்க ரேக்கும் சேர்ந்து கையோடு வந்துவிடும். போட்டோவின் பின்னால் மென்மையான பென்சிலில் பெயர் எழுதுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம். பேரேட்டில் இராமபாணப் பூச்சி இருந்தால் தனியாகப் பிரித்து வையுங்கள், மற்றதற்கும் பரவும்.

---

தோஹாவில் ஆம்பூரான்

சட்டம் எல்லாம் கேட்டுத் தலை சுற்றுகிறது. நகல் எடுத்துக் கொடுத்தால் என்ன? பேரேட்டை ஸ்கேன் செய்து, அதே மாதிரித் தாளில் அச்சடித்து மேசையில் வைக்கட்டும், அசல் வீட்டில் இருக்கட்டும். அண்டாவை ஏன் கொடுக்க வேண்டும்? எங்கள் வீட்டில் தாதா காலத்துச் செம்பு அண்டாவில் இன்றும் கல்யாணத்துக்குப் பிரியாணி போடுகிறோம். ஈயம் பூசுகிறவரைத் தேடிப்பிடிப்பதுதான் பெரும்பாடு. நெருப்பில் ஏறாத அண்டா எதற்கு?

---

விஷாரத்தான்

ஆம்பூர் பாய் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். எங்கள் மேல்விஷாரம் பக்கம் பழைய வீடுகளில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருக்கும். எழுத்து அரபு, மொழி தமிழ். பாட்டிமார்கள் ராத்திரியில் ராகம் போட்டுப் படிப்பார்கள். அதைக் கொடுத்தால் கண்ணாடிக்குள் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிடுவார்கள். அதே பக்கத்தில் வருடக்கணக்காக வெளிச்சம் விழும், மீதிப் பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை. படிக்க வேண்டிய பொருளுக்குக் காட்சி வீடு சரியான இடமா? நூலகம் அல்லவா வேண்டும்?

---

பழுதுபார்ப்பவள்

சரியாகச் சொன்னீர்கள். பேரேடு, கிதாபு, கடிதம் எல்லாம் நூலகத்துக்கு, நகல் வாலாஜாப்பேட்டை வீட்டுக்கு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கையெழுத்துப் பிரதிகளுக்கு 1869ல் தொடங்கிய அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஊஞ்சல், கல்லாப்பெட்டி மாதிரிப் பொருளுக்கு நகல் சரிப்படாது. அந்த ஊஞ்சல் தொங்கின கொக்கி இன்னும் கூடத்து உத்தரத்தில் இருந்தால், அதில்தான் மாட்ட வேண்டும்.

---

ஆரணி தறி

நான் நெசவுக் குடும்பம். முதலில் புடவை. அக்கா, "பழைய பட்டு வாங்குறோம்" என்று தெருவில் வருகிறவரிடம் மட்டும் காட்டாதீர்கள். அவருக்கு வேண்டியது சரிகையில் இருக்கும் வெள்ளி. புடவையை எரித்து உருக்கி எடுத்துவிடுவார்கள். மடித்து வைத்தால் மடிப்பிலேயே பட்டு வெடிக்கும். கெட்டியான குழாயில் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி, அதன்மேல் புடவையைச் சுருட்டி வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது. பொம்மைக்குக் கட்டிவிட்டு வருடம் பூராவும் நிறுத்துவோம் என்று அவர்கள் சொன்னால் கொடுக்காதீர்கள், தன் கனத்திலேயே கிழியும்.

இப்போது பேரேடு. எல்லாரும் அதைத் தங்கம் என்கிறீர்கள், எனக்கு அடிவயிற்றில் வேறு ஒன்று தோன்றுகிறது. பட்டு வியாபாரி பேரேட்டில் யார் பெயர் இருக்கும்? தறிக்காரர் பெயர் இருக்கும். யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், எத்தனை புடவை பாக்கி, எதை அடகு வைத்தார். எங்கள் தாத்தா இப்படி ஒரு கணக்கில்தான் கடைசிவரை இருந்தார். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, தன் தாத்தா பெயருக்கு எதிரே "பாக்கி" என்று படிக்கவா?

இன்னொன்றும் கேட்கிறேன். ஊஞ்சலையும் கூடத்தையும் காட்டுவீர்கள். அந்த வீட்டில் எங்கள் ஆட்கள் புடவையை எந்த வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள், எங்கே நின்றார்கள் என்று காட்டுவீர்களா?

---

கோட்டைவாசல்

இதை நான் யோசிக்கவில்லை, யோசித்திருக்க வேண்டிய விஷயம். ஆனாலும் பேரேட்டை மறைத்துவிட்டால் தறிக்காரர் இருந்ததற்கான தடயமும் போய்விடுமே தம்பி? வியாபாரியின் பெயர் வீட்டு முகப்பிலேயே இருக்கும். நெய்தவர் பெயர் இந்த ஒரு நோட்டில்தானே இருக்கிறது?

---

ஆரணி தறி

மறைக்கச் சொல்லவில்லை ஐயா. கேட்டுவிட்டுக் காட்டச் சொல்கிறேன். கடன் பக்கத்தை ஏன் காட்ட வேண்டும்? இன்ன புடவை, இன்ன கரை, இத்தனை பலம் எடைச் சரிகை, நெய்தவர் இன்னார் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். எங்கள் வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

---

பாலாற்றுக்காரி

எல்லாருக்கும் நன்றி. பேரேட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆரணித் தம்பி சொன்னது அப்படியே இருக்கிறது. பெயர், பாக்கி, சில இடத்தில் கைநாட்டு. ஒரு பக்கத்தில் ஒரு அம்மாவின் பெயருக்கு எதிரே வெள்ளிக் கொலுசு அடகு. மீட்டதாக எழுதவில்லை. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "இதைக் கண்ணாடிக்குள் வைக்காதே, ஆனால் எரிக்கவும் எரிக்காதே" என்றார்.

இப்போதைக்கு முடிவு செய்தது இது. ஊஞ்சலும் கல்லாப்பெட்டியும் இரவல், ஐந்து வருடத்துக்கு. கொக்கி உத்தரத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டேன். அமெரிக்கா அத்தையை "ஊருக்கு வரும்போது அதில் உட்கார்ந்து ஆடிக்கொள்ளுங்கள்" என்று ஒருவழியாகச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டுமாம் அவருக்கு! அண்டா பெரிய அத்தை வீட்டுக்குப் போகிறது, ஆம்பூர் அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்கும். புடவையைக் கொடுக்கவில்லை. தஞ்சாவூர்ப் படம் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. பேரேட்டுக்கு நூலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், நெய்தவர் பெயர் வரும் இரண்டு பக்கத்தின் நகல் மட்டும் வாலாஜாப்பேட்டை வீட்டுக்கு. தாயக்கட்டையில் குறுக்குக் கோடு தெரிகிற மாதிரி இருக்கிறது, அதனால் வன அலுவலகத்துக்குப் போக வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் எழுதினேன். யாருடையது, எங்கே இருந்தது, யார் சொல்லக் கேட்டது. அதற்குத்தான் அதிக நேரம் ஆனது, ஏனென்றால் கல்லாப்பெட்டி பற்றிப் பெரியப்பா ஒன்று சொல்கிறார், அத்தை வேறு சொல்கிறார். இரண்டையும் எழுதிவிட்டேன்.

வீட்டின் பின்வாசல் பற்றி அறக்கட்டளைக்காரர்களிடம் கேட்டேன். அதை டிக்கெட் கவுண்டர் ஆக்கப்போகிறார்களாம்.

---

ஆரணி தறி

கவுண்டரா! அங்கேதானே அக்கா நாங்கள் நின்றிருப்போம். சுவரில் ஒரு பலகையாவது வைக்கச் சொல்லுங்கள்.

---

குடியாத்தத்துக்காரன்

அவர்களிடம் வரவுப் பதிவேடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பொருளுக்கு எண் போட்டு, போட்டோ ஒட்டி, அந்தப் பக்கத்தின் நகலை வாங்காமல் வராதீர்கள். சால்வை போட வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது வேறு கணக்கு.

---

பாலாற்றுக்காரி

கட்டாயம் அண்ணா. வக்கீல் சார், இரவல் ஒப்பந்தத்துக்கு அவர்களே ஒரு வரைவு அனுப்பியிருக்கிறார்கள். காப்பீடு பற்றி ஒரு வரிகூட இல்லை. இங்கே போடட்டுமா?

---

சத்துவாச்சாரி வக்கீல்

பொதுவில் போடாதீர்கள், பெயர் முகவரி எல்லாம் இருக்கும். தனிமடலில் அனுப்புங்கள். காப்பீட்டுத் தொகைக்கு ஒரு மதிப்பு எழுத வேண்டி வரும், ஊஞ்சலுக்கும் பெட்டிக்கும் தனித்தனியாக. அதைக் குடும்பத்தில் எல்லாரும் பேசி ஒரு தொகை சொல்லுங்கள். அடுத்த சண்டை அங்கேதான் வரும்.